சின்னான் செத்த இடம்

குமாரபாளையத்தில் மணியனின் முகம் தெரியாதவர்களுக்குக்கூட அவன் குரல் தெரியும். விசைத்தறிக் கொட்டகையில் வளர்ந்தவர்கள் எல்லோருமே சத்தமாகத்தான் பேசுவார்கள். மணியன் அவர்களையும் மிஞ்சியவன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தறிக்கு வந்தவனுக்கு, நாற்பது வயதுக்குள் இடது காது முழுசாகப் போய்விட்டது. வலது காது பாதி. அவன் டீக்கடையில் ஒரு டீ சொன்னால் பாலத்துக்கு அந்தப் பக்கம் பவானியில் தண்ணீர் கொதிக்கும் என்று கூட இருப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். அவனும் சிரித்துக்கொள்வான், பாதி கேட்டும் பாதி கேட்காமலும்.

மனைவி மஞ்சுளாவும் அதே கொட்டகையில்தான் நூலைத் தார்க் குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரே மகள் வெண்ணிலா நர்சிங் கல்லூரியில் முதல் வருஷம். ஒரு நாள் துணியில் குறை விழுந்துவிட்டது என்று மேஸ்திரி மஞ்சுளாவைக் கண்டபடி பேசி, கையைப் பிடித்து இழுத்தான். மணியனுக்குப் பேச்சு கேட்கவில்லை, இழுத்தது தெரிந்தது. தறியை ஓடவிட்டுவிட்டு வந்து அவனைப் பிடித்துத் தள்ளினான். மேஸ்திரி தறிச்சட்டத்தின் மூலையில் மோதி விழுந்தான். மண்டை உடைந்து தையல் போட்டார்கள். சீக்கிரமே அவன் தலைக்கட்டோடு வேலைக்கு வந்துவிட்டான். ஆனால் முதலாளி விடவில்லை. தறிக்காரன் ஒருவன் கை ஓங்கினால் நாளைக்கு எல்லோரும் ஓங்குவார்கள் என்பது அவர் கணக்கு. கொலை முயற்சி என்று வழக்கு எழுதப்பட்டது. மணியன் கரட்டூர் சிறைக்குப் போனான்.

கரட்டூர் சிறை பொட்டல் காட்டில் ஒரு மொட்டைக் கரட்டுக் குன்றின் அடிவாரத்தில் இருந்தது. விசாரணைக் கைதிகள் இருந்த பிளாக்கில் நாற்பது பேர் படுக்கலாம். படுத்தது நூறுக்கு மேல். ஒருவன் புரண்டால் அந்த வரிசையே புரள வேண்டும். மாசியிலேயே ஆழ்குழாய்க் கிணறு வற்றிவிட்டது. லாரியில் தண்ணீர் வந்தது, வராத நாளும் இருந்தது. குளிப்பதா, கழுவுவதா, குடிப்பதா என்று ஒரு வாளிக்குள் ஒவ்வொருவனும் முடிவு செய்துகொள்ள வேண்டும். வீட்டுக்குப் பேசும் போன் பொங்கலிலிருந்து வேலை செய்யவில்லை. மூன்றாம் பிளாக்கில் இருந்த ஒரு ரவுடிக் கூட்டத்திடம் செல்போன் பிடிபட்டதால், வீட்டிலிருந்து பிஸ்கட்கூட யாருக்கும் வரக்கூடாது என்று உத்தரவு. பிடிபட்டவர்களுக்கு எப்படியோ எல்லாம் வந்தது. மற்றவர்களுக்குத்தான் வரவில்லை.

வீட்டு ஆட்கள் பார்க்க வரும் மனு நாள்தான் மணியனுக்குப் பெரிய கொடுமை. பார்க்க வந்தவர்கள் ஒரு கம்பி வலைக்கு அந்தப் பக்கம், கைதிகள் இன்னொரு வலைக்கு இந்தப் பக்கம், நடுவில் வார்டர் நடக்கும் சந்து. ஐம்பது குடும்பம் ஒரே நேரத்தில் கத்தும். மஞ்சுளாவின் வாய் அசைவதை மட்டும் அவன் பார்ப்பான். அவள் முதலில் சத்தம் போட்டுப் பார்த்தாள். அப்புறம் சத்தமே இல்லாமல், உதட்டை நிதானமாக அசைத்துப் பேசப் பழகிக்கொண்டாள். வெண்ணிலா நல்லா இருக்கா. ஜாமீனுக்கு எங்க அண்ணன் கையெழுத்துப் போடறேன்னு சொல்லிருச்சு. சாப்பிடுங்க.

பிளாக்கில் அவனுக்குக் காதாக இருந்தவர் சின்னான். ஆத்தூர்ப் பக்கம், ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் குச்சிக்கிழங்கு இறக்கிக்கொண்டிருந்தவர். அறுபதை நெருங்கிய, ஒடுங்கிய உடம்பு. ஆலை மோட்டார் காணாமல் போன அன்று அங்கே படுத்துத் தூங்கியது அவர் செய்த குற்றம். கோர்ட்டில் ஜாமீன் எப்போதோ கொடுத்துவிட்டார்கள். சொந்த வீடு உள்ள இரண்டு பேர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். மகள் சித்ரா வாடகை வீட்டில் இருப்பவள். சொந்த வீடு உள்ளவர்கள் யாரும் சின்னானுக்காகக் கோர்ட் படி ஏறத் தயாராக இல்லை. ஜாமீன் கிடைத்தும் மாசக்கணக்கில் உள்ளேயே கிடந்தார். அவர் மணியனுக்கு வலது பக்கம் படுப்பார். காலையில் பேர் கூப்பிடும்போது மணியன் தொடையில் ஒரு தட்டு தட்டுவார். மணியன் எழுந்து, “இருக்கறனுங்க!” என்று கத்துவான். பிளாக்கே அதிரும். அந்த ஒரு நிமிஷம் எல்லோரும் சிரிப்பார்கள்.

சமையல்கூடத்தில் செல்லமுத்து என்று ஒரு ஆயுள் கைதி இருந்தார். நாமக்கல் கோழிப்பண்ணை ஒன்றில் வேலை பார்த்தவர், மூன்று சிறை பார்த்தவர். சோற்று அண்டாவைத் தூக்க ஆள் கேட்கும்போதெல்லாம் மணியன் போவான். அங்கேயாவது நின்று மூச்சுவிட இடம் இருக்கும். அந்தச் சித்திரை வெயிலில் ஒரு நாள் செல்லமுத்து அண்டாவைக் கழுவத் தண்ணீர் இல்லாமல் சாம்பலைப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மணியா, இங்க சீக்கிரம் ஏதாச்சும் ஆவும்” என்றார், அவன் காதருகில் குனிந்து.

“என்னங்க ஆவும்?”

“நான் உள்ள வந்த புதுசுல, வேற சிறையில, களியில புழு. தெனமும் புழு. யாரும் ஒண்ணும் சொல்லல. ஒருத்தன் தட்டைக் கொண்டுபோய்க் காட்டுனான். அவனைப் போட்டு அடிச்சாங்க. அப்பத்தான் வெடிச்சது. புழுவுக்கு இல்ல, காட்டுனவனை அடிச்சதுக்கு. அடுத்த சிறையில, மனு பாக்க வந்த ஒரு அம்மாவை வார்டர் ஒருத்தன் அசிங்கமாப் பேசிட்டான். அன்னைக்கு ரெண்டு பிளாக் எரிஞ்சுது. விசாரணைக்கு வந்தவங்க வெளியாளுங்க தூண்டிவுட்டாங்கன்னு எழுதிட்டுப் போனாங்க. ரெண்டு தடவையும் அப்படியேதான் எழுதுனாங்க.”

“அப்பறம் ஒண்ணும் மாறலீங்களா?”

“மாறுச்சு. களி போயி நல்ல சோறு வந்துச்சு. அதுக்கு மூணு பொணம் வுழுந்துச்சு சாமி. நாம மரியாதையாக் கேட்டப்ப அந்தச் சோறு வரலயே.” செல்லமுத்து அண்டாவைத் திருப்பிப் போட்டார். “சத்தம் கேட்டா நீ ஓடிப்போயிச் சுவரோரமா உக்காந்துக்க. உனக்குக் காது வேற கேக்காது.”

அந்த வாரமே ஒரு சாயங்காலம், பிளாக்கைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் சின்னானுக்கு நெஞ்சு வலித்தது. முதலில் வாயுவு என்றார். பிறகு பேச முடியவில்லை. வேர்த்துக் கொட்டியது. மணியன் அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு கம்பியைப் பார்த்துக் கத்தினான். மற்றவர்கள் தட்டை எடுத்துக் கம்பியில் அடித்தார்கள்.

வெளியே காவலில் இருந்தவர் சவரியார் என்கிற வார்டர். சேலம் டவுன்காரர், ஐம்பதைத் தாண்டியவர், கைதிகளை வாடா போடா என்று கூப்பிடாத ஒரு சிலரில் ஒருவர். அவர் ஓடிவந்து கம்பி வழியாகப் பார்த்தார். அவரிடம் சாவி இல்லை. பூட்டிய பிறகு எல்லாச் சாவியும் முன்வாசலுக்குப் போய்விடும். அதிகாரி சொல்லாமல் எந்தக் கதவும் திறக்காது.

“இருங்க, சாவி வாங்கிட்டு வர்றேன். கொஞ்சம் பொறுங்க” என்று முன்வாசலுக்கு ஓடினார். வெறுங்கையோடு திரும்பி வந்தார். உள்ளே இருப்பவர்கள் நடிக்கிறார்கள், கதவைத் திறந்ததும் பாய்வார்கள் என்று அதிகாரிக்குச் சந்தேகம். மேலிடத்துக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறார்.

“நடிப்புங்களா இது?” என்று மணியன் அலறினான். “வந்து பாக்கச் சொல்லுங்க அந்தாளை! ஒருக்கா வந்து பாக்கச் சொல்லுங்க!”

சவரியார் மறுபடி ஓடினார். தொப்பி கீழே விழுந்ததை எடுக்கக்கூட நிற்கவில்லை. சின்னானின் உதடு அசைந்தது. மணியனுக்குக் கேட்கவில்லை. இருட்டத் தொடங்கியிருந்ததால் உதட்டைப் படிக்கவும் முடியவில்லை. “என்ன சொல்றாரு? என்ன சொல்றாருடா?” என்று பக்கத்தில் இருந்தவனைக் கேட்டான். தண்ணி கேட்கிறார் என்றான் அவன். வாளிகளைக் கவிழ்த்து அடியில் தேங்கியிருந்ததை ஒரு டம்ளரில் சேர்த்தார்கள். அது வாயோரமாக வழிந்து மணியன் மடியில் விழுந்தது.

அவர் மூச்சு நின்ற பிறகும் வெகுநேரம் கழித்துத்தான் சாவி வந்தது. அதற்குள் யாரோ துண்டைக் கிழித்துத் தாடையைக் கட்டியிருந்தார்கள். கதவு திறந்ததும் பாய்ந்தவன் ஒருவனும் இல்லை. நூறு பேரும் சுவரோடு ஒட்டி நின்று ஸ்ட்ரெச்சருக்கு வழிவிட்டார்கள். சவரியார் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். மணியனைப் பார்த்தார்.

அன்றைக்கே அதிகாரிகள் உள்ளது உள்ளபடி சொல்லியிருந்தால் அடுத்த நாள் நடந்தது நடந்திருக்காது என்று மணியன் இன்றும் சொல்வான். காலையில் கதவு திறந்ததும் அதிகாரி வந்து நின்று, “உங்க கூட இருந்த சின்னான் ஆஸ்பத்திரியில சிகிச்சை பலனில்லாம இறந்துட்டாரு” என்றார்.

பக்கத்தில் இருந்தவன் மணியன் காதில் அதைத் திருப்பிச் சொன்னான். மணியனுக்கு முதலில் புரியவில்லை. எந்த ஆஸ்பத்திரி? தன் மடியைக் குனிந்து பார்த்தான்.

யாரும் கல்லை எடுக்கவில்லை. முதலில் நடந்தது இதுதான். எல்லோரும் முற்றத்தில் வெறும் தரையில் உட்கார்ந்தார்கள். தட்டைத் தொடவில்லை. ஜட்ஜ் வர வேண்டும், அவரிடம்தான் சொல்லுவோம் என்றார்கள். மற்ற பிளாக்குகளிலிருந்தும் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. தண்ணீர் லாரி வாசல் வரைக்கும் வந்து, உள்ளே விடாமல் திருப்பி அனுப்பப்பட்டது. அந்த லாரியின் முதுகைப் பார்த்தபோதுதான் கூட்டத்துக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. முன்வரிசையில் ஒருவன் எழுந்து வாசல் பக்கம் நடந்தான். ஒரு காவலர் லத்தியால் அவன் முழங்காலில் அடித்தார். அவன் விழுந்தான். அபாய மணி அடித்தது.

அதற்கப்புறம் அது சின்னானுக்கான கலவரமாக இருக்கவில்லை. கல் பறந்தது. பாய்களை அள்ளிப்போட்டுத் தீ வைத்தார்கள். மூன்றாம் பிளாக் ஆட்கள் பழைய பகையைத் தீர்க்க இதுதான் நேரம் என்று இரும்புக் குழாய்களைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினார்கள். யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. சமையல்கூடப் பக்கம் கரும்புகை எழுந்தது. மணியன் சுவரோரம் போக நினைத்தான். தொடையில் தட்டி எந்தப் பக்கம் ஓடுவது என்று சொல்ல ஆள் இல்லை.

அப்போது சவரியாரைப் பார்த்தான். வார்டர்கள் எல்லோரும் பின்வாங்கி வாசலுக்கு ஓடியபோது அவர் மட்டும் பிளாக்கின் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டையைக் கண்டு இரண்டு பேர் குழாயோடு ஓடி வந்தார்கள். மணியன் பாய்ந்து அவர் காலரைப் பிடித்து இழுத்து, காய்ந்து கிடந்த தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் தள்ளினான். தான் குறுக்கே நின்றான்.

“இவரு சாவிக்கு ஓடுனவருடா! இவரைத் தொடாதீங்க! யாரும் தொடக்கூடாது!”

அவனுடைய அந்தக் குரல் புகையைத் தாண்டி மதில் மேல் நின்றவர்கள் வரை கேட்டது. முதல் குழாய் அவன் தோளில் இறங்கியது. அவன் நகரவில்லை. இரண்டாவது ஆள் ஒரு நிமிஷம் அவனை முறைத்துப் பார்த்துவிட்டு, வேறு பக்கம் ஓடினான். சவரியார் பின்னால் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். மணியன் ஒரு கையைப் பின்னால் நீட்டி அவர் காலரைப் பிடித்தபடியே நின்றான். அவர் எழுந்து ஓடினால் கொன்றுவிடுவார்கள் என்று அவனுக்குப் பயம்.

ஆயுதப்படை போலீஸ் உள்ளே வந்தது. கண்ணீர்ப் புகை போட்டார்கள். எல்லோரும் கீழே படுங்கள், நிற்பவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கப்படும் என்று மைக்கில் சொன்னார்கள். முற்றமே படுத்தது. மணியனுக்குக் கேட்கவில்லை. கண் எரிய, வார்டரின் காலரைப் பிடித்துக்கொண்டு, ஒருவன் மட்டும் நின்றுகொண்டிருந்தான். வந்தவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? முதல் அடி மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் தன் உடம்புக்குள்ளிருந்தே கேட்டது என்பான் அவன். சவரியார் ஏதோ கத்தினார், கையை ஆட்டினார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. இழுத்துக்கொண்டு போனார்கள்.

அன்றைக்கு இரண்டு பேர் செத்தார்கள். ஒருவர் செல்லமுத்து. சமையல்கூடத்தில் தீப்பிடித்தபோது கேஸ் சிலிண்டர்களை மூடிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனவர் புகையில் மாட்டிக்கொண்டார். அவர் மூடியதால்தான் மற்றவர்கள் பிழைத்தார்கள் என்று கைதிகள் சொல்லிக்கொண்டார்கள். எந்த அறிக்கையிலும் அது வரவில்லை.

அன்று மத்தியானம் மஞ்சுளா சிறை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவள் அண்ணன் கையெழுத்துப் போட்டு, ஜாமீன் உத்தரவு வந்துவிட்டிருந்தது. கணவனைக் கூட்டிப்போக மாற்றுச் சட்டை, வேட்டியோடு பஸ்ஸில் வந்தவள், தூரத்திலிருந்தே கரட்டுக்குக் கீழே புகையைப் பார்த்தாள். கரும்புக் காட்டுக்குத் தீ வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். வாசலில் ஆம்புலன்சும், அழுகிற பெண்களும், கயிறு கட்டிய போலீசும். யார் செத்தார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஆம்புலன்சுக்கும் பின்னால் பெண்கள் ஓடினார்கள். அவளும் ஓடினாள். இருட்டும்வரை ஓடினாள்.

மணியனுக்கு இது தெரிந்தது, அவனை வண்டியில் ஏற்றிக் கடலோரத்தில் இருந்த வேறொரு சிறைக்கு மாற்றிய பிறகு. வலைக்கு அந்தப் பக்கம் நின்று, சத்தமில்லாமல் உதட்டை அசைத்து அவள் சொன்னாள்: “நான் அன்னைக்கு வாசல்லதானுங்க நின்னேன். உங்களைக் கூட்டிட்டுப் போறதுக்குத்தான் வந்தேன்.” அவன் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான். தன் அழுகை எவ்வளவு சத்தமாக இருந்தது என்று அவனுக்குத் தெரியாது. சந்தில் நடந்த வார்டர் நின்றுவிட்டார் என்று மஞ்சுளா பின்னால் சொன்னாள்.

புது வழக்கில் அவன் பேர் முன்னாலேயே இருந்தது. கலவரம், தீ வைப்பு, அரசு ஊழியரைப் பிணைக்கைதியாகப் பிடித்து வைத்தது. சத்தம் போட்டு மற்றவர்களைத் தூண்டியவன் அவன்தான் என்று பலரும் சொன்னார்கள். அந்தக் குரலைக் கேட்டதாக மதில் மேல் இருந்தவர்கள் சொன்னார்கள், என்ன கத்தினான் என்று மட்டும் யாருக்கும் நினைவில்லை. விசாரணைக்கு வந்த மாஜிஸ்திரேட்டிடம் மணியன் சின்னான் செத்ததை ஒன்று விடாமல் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டார். கைதிகள் சொல்வதை அதிகாரிகள் யாரும் உறுதிப்படுத்தவில்லை என்று கடைசியில் முடிந்தது. சின்னான் ஆஸ்பத்திரியில் சிகிச்சை பலனில்லாமல் இறந்ததாகவே நின்றது.

பழைய வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் சிரிப்பு வரும். மேஸ்திரியே கோர்ட்டில் வந்து, நான்தான் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிட்டான். அவனுக்கும் முதலாளிக்கும் வேறு ஏதோ தகராறு. அந்த வழக்கிலிருந்து மணியன் விடுதலையானான். ஆனால் வெளியே வர முடியவில்லை. எந்தக் குற்றத்துக்காக உள்ளே போனானோ அது இல்லை என்றாகிவிட்டது, உள்ளே போனதால் வந்த வழக்கு அவனைப் பிடித்துக்கொண்டது.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகி ஜாமீனில் வீட்டுக்கு வந்தான். வெண்ணிலா கல்லூரியை விட்டுவிட்டு நூல் மில் ஒன்றில் வேலை பார்த்து, அதன் விடுதியில் இருந்தாள். மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. தறியில் இழை அறுந்தால் முடிச்சுப் போட வேண்டிய இரண்டு விரல்கள் மடங்கவில்லை. சாயப்பட்டறை ஒன்றில் வாட்ச்மேனாக உட்கார்ந்தான். காது கேட்காத வாட்ச்மேன். யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதே அவனுக்கு அவமானமாக இருந்தது.

வழக்கில் அவன் நம்பியிருந்தது சவரியார் ஒருவரைத்தான். அவரோ விசாரணையின்போது, தன்னைப் பிடித்து வைத்தவர்களில் மணியனும் ஒருவன் என்று எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டிருப்பதாக அவனுடைய வக்கீல் ஜாக்குலின் சொன்னாள். மணியன் நம்பவில்லை. “அவரு அப்படிச் சொல்ல மாட்டாருங்க. கோர்ட்டுக்கு வரட்டும். சாமி கும்பிடறவரு” என்றான்.

கோர்ட்டுக்கு வந்தார். இளைத்துப்போயிருந்தார். கூண்டில் ஏறியதும் அவர் உதட்டையே மணியன் பார்த்துக்கொண்டிருந்தான். அரசு வக்கீல் அவனைக் காட்டி ஏதோ கேட்டார். சவரியார் அவனை நேராகப் பார்த்தார்.

“தெரியலீங்க ஐயா. புகையா இருந்துச்சு. யாரையும் அடையாளம் சொல்ல முடியாது.”

ஜாக்குலின் எழுந்தாள். கலவரத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் என்ன நடந்தது, சாவி கேட்டு ஓடினீர்களா, எப்போது திறந்தார்கள் என்று அடுக்கிக் கேட்டாள். ஒவ்வொரு கேள்விக்கும் அவர் உதடு ஒரே மாதிரி அசைந்தது. ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லை.

கோர்ட்டுக்குப் பின்னால் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் மணியன் அவரைப் பிடித்தான். அவர் ஓடப் பார்க்கவில்லை.

“மணியா, என்மேல கோபப்படாத. உன்மேல இருந்த பெரிய குத்தம் இன்னைக்கோட போச்சு. உன் வக்கீலைக் கேட்டுப் பாரு.”

“என்னை விடுங்க. சின்னானை ஏனுங்க கொன்னீங்க, இன்னொருக்கா?”

சவரியார் சுற்றுமுற்றும் பார்த்தார். மணியன் குரல் அவனுக்கே அடங்காது.

“கோர்ட்டுலயும் நீதான் பிடிச்சு வச்சேன்னு சொல்லச் சொன்னாங்க. மாட்டேன்னேன். நீ காப்பாத்துனேன்னு சொன்னா, ஏன் காப்பாத்துனான்னு கேப்பாங்க. அது சாவியில போய் நிக்கும். சாவின்னு வாயத் திறந்தா என் வேலை போயிரும். என் பொண்டாட்டி அந்தோணிமேரிக்கு ரெண்டு கிட்னியும் போச்சுப்பா. வேலை இருக்கறதாலதான் அவ உயிரோட இருக்கா.” அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ரெண்டுக்கும் நடுவுல நிக்க ஒரே ஒரு இடம் இருந்துச்சு. அதுல நின்னுட்டேன்.”

மணியனுக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அவர் காலரைத் தான் பிடித்திருந்த அந்த நேரத்தில் அவர் உடம்பு எப்படி நடுங்கியது என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. கோணல் கையைத் தூக்கி அவருக்குக் காட்டினான். எதற்குக் காட்டினான் என்று அவனுக்கே தெரியவில்லை. பிறகு பஸ்ஸுக்கு நடந்தான்.

கொஞ்ச மாதங்களில் அவனும் இன்னும் சிலரும் கலவர வழக்கிலிருந்து விடுதலையானார்கள். மஞ்சுளா கோர்ட் வாசலிலேயே தரையைத் தொட்டுக் கும்பிட்டாள். மணியனுக்குச் சந்தோஷப்பட வரவில்லை. ஒரு பொய்யில்தான் தான் வெளியே வந்திருக்கிறோம், அதே பொய்யில்தான் சின்னானை மண் போட்டு மூடியிருக்கிறார்கள் என்பது சோற்றில் கல்லாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சுளாவிடம் சொல்லிவிட்டு ஆத்தூருக்குப் பஸ் ஏறினான்.

சித்ரா ஒரு சேகோ ஆலையின் காயவைக்கும் களத்தில் இருந்தாள். கண் கூசும் வெள்ளையாக ஜவ்வரிசி பரந்து கிடந்தது. தலையில் துணி கட்டிக்கொண்டு பலகையால் தள்ளிக்கொண்டிருந்தவள், தன் அப்பாவோடு இருந்தவன் என்றதும் பலகையைக் கீழே வைத்தாள்.

“அப்பா உங்களப் பத்திச் சொல்லிருக்காரு. சத்தமாப் பேசுவீங்கன்னு” என்றாள். “என்ன பண்றதுங்க. டாக்டருங்க பாத்தாங்களாம், குளுக்கோஸ்லாம் போட்டாங்களாம். அவருக்கு அவ்வளவுதான் விதின்னு மனசத் தேத்திக்கிட்டோம். கடைசியில கட்டில்ல படுத்தாரே, அது போதும்.”

மணியன் அங்கேயே திரும்பிவிடலாமா என்று நினைத்தான். திரும்பினால் இதைச் சொல்ல உலகத்தில் வேறு இடம் இல்லை. களத்து ஓரத்தில் உட்கார்ந்து, முடிந்த அளவு குரலைத் தணித்து, எல்லாவற்றையும் சொன்னான். பூட்டியது, வலி வந்தது, சாவி வராதது, தண்ணீர் கேட்டது, தன் மடி. தூரத்தில் வேலை செய்த பெண்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவன் தணித்த குரலே அவ்வளவு இருந்தது.

சித்ராவுக்குக் கோபம் வந்தது.

“இத ஏன் எங்கிட்ட வந்து சொல்றீங்க? கோர்ட்டுல சொல்லிருக்கணும். ஜட்ஜுகிட்ட சொல்லிருக்கணும். நான் இத வச்சிக்கிட்டு என்ன பண்ணுவேன்? சொல்லுங்க, என்ன பண்ணுவேன்?”

“சொன்னேன்மா. கேட்டவங்க எல்லாத்துகிட்டயும் சொன்னேன். எங்க வக்கீல் ஜாக்குலினும் கோர்ட்டுல கேட்டுப் பாத்தாங்க. யாரும் சேத்திக்கல.”

“இவ்ளோ நாளா அவரு கட்டில்ல படுத்துத்தான் செத்தாருன்னு நெனச்சிட்டு இருந்தேன்” என்று சொல்லிவிட்டு, தலைத்துணியின் முனையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். மணியனுக்குக் கேட்கவில்லை. தோள் குலுங்குவது தெரிந்தது.

கிழக்கே மேகம் திரண்டது. மேற்பார்வை பார்ப்பவன் சத்தம் போட, பெண்கள் ஜவ்வரிசியை அவசரமாகக் கூட்டிக் குவித்தார்கள். சித்ரா எழுந்து அவர்களோடு ஓடினாள். மணியனும் ஒரு பலகையை எடுத்து, நல்ல கையால் தள்ளினான். தார்ப்பாய் போட்டு மூடி முடித்தபோது முதல் தூறல் விழுந்தது.

அவள் அவனோடு பஸ் நிறுத்தம் வரை வந்தாள். பஸ் வந்து நின்றதும் அவனுக்கு முன்னால் வந்து, அவன் பார்க்கும்படி முகத்தை நிமிர்த்தினாள்.

“அந்த வக்கீலம்மா பேரு என்ன சொன்னீங்க?”

“ஜாக்குலின்.”

“எங்க இருக்காங்க?”

சொன்னான். அவள் அதை ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கண்டக்டர் விசில் அடித்தான். ஜன்னல் வழியே மணியன் திரும்பிப் பார்த்தபோது அவள் மழையில் நனைந்தபடி களத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். போய்ப் பார்ப்பாளா, பார்த்தாலும் யார் கேட்பார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. சேலத்தை நெருங்கி அயோத்தியாப்பட்டணம் வரும்வரை அவன் கண்ணை மூடவில்லை.